அக்கரைச் சீமைக்கு அனுமதி

மாசி மகத்தை முன்னிட்டு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமி கடலாடப் புறப்படுவதைத் தென்னாற்காட்டார் அனைவரும் அறிவர். ஊரைவிட்டுக் கிள்ளைக் கடற்கரை வரையில் சுவாமி செல்லும் மார்க்கம் முன்னரே நிச்சயிக்கப்பட்டது. எவ்விடத்தில் தங்குவார், எங்கே யார் எதிர்கொள்வார் என்பதெல்லாம் சிறு குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கிள்ளையை அடுத்த தைக்காலில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர்கள் சுவாமியை வரவேற்று மரியாதை செய்வது நெடுங்கால வழக்கம். தீர்த்தவாரி முடிந்ததும் சுவாமி தம் ஊர் திரும்புகிறார். புறப்பாடும் ஊரறிய நடக்கிறது. திரும்புகையும் ஊரறிய நடக்கிறது.

அதே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் அக்கரைச் சீமைக்குப் பிழைக்கச் செல்லும் வாலிபரின் புறப்பாடு இதற்கு நேர்மாறானது. ஒருவரிடமும் மூச்சு விடாதே என்று தரகன் வாயை அடைத்திருப்பான். இரவோடிரவாக மோட்டார் ஏறிச் சென்னைக்கோ திருச்சிக்கோ போய் ஆகாய விமானத்தில் ஏறிவிடுவார்கள். எந்த நாடு, எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், யார் எதிர்கொள்வார், என்றைக்குத் திரும்பலாம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் பெற்ற தாயிடம் பதில் இராது. தெய்வத்துக்குச் செய்யப்படும் ஏற்பாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட மனிதனுக்கு இல்லை. இந்த ஏற்பாட்டுக்குத்தான் சட்டத்தில் அனுமதி என்று பெயர். அதைப்பற்றி நமது நேயர்களுக்கு, முக்கியமாகக் கிராமங்களில் தொண்டாற்றும் தேசத் தொண்டர்களுக்கு, சில வார்த்தைகள் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

புஷ்கரணிப் படியில் கண்ட காகிதம்

சென்ற மாசி உற்சவத்தின்போது நாம் ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சென்றிருந்தோம். நித்திய புஷ்கரணியின் படியில் சற்று உட்கார்ந்திருக்கையில், நாம் வக்கீல் தொழில் பார்த்தவர் என்பதை யாரோ சொல்லக் கேட்டு, இருபத்திரண்டு வயதுள்ள ஒரு வாலிபன் அருகே வந்தான். தகப்பனார் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். தமக்கையின் கலியாணக் கடன் இன்னும் தீரவில்லை. ஒன்பதாவது வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மடியிலிருந்து பத்திரமாக ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அதில் பாதி ஆங்கிலம், பாதி அரபி.

"இதில் என் பெயர் இருக்கிறது, ஐயா. அது மாத்திரம் எனக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் சரியாயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும்" என்றான்.

வாசித்துப் பார்த்தோம். துபாய்ப் பட்டணத்துக்குப் போய் அறுபது நாள் தங்குவதற்கு அந்த நாட்டார் கொடுத்த வருகைச் சீட்டு அது. வேலையைப்பற்றியோ, சம்பளத்தைப்பற்றியோ, எஜமானனைப்பற்றியோ அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"தம்பி, இது வேலை செய்வதற்கு அனுமதி அன்று. ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு அனுமதி" என்றோம்.

"சுற்றிப் பார்க்க எனக்கேது பொழுது, ஐயா? இந்தக் கோவிலைச் சுற்றியே எத்தனையோ நாள் ஆகிறது" என்றான்.

பிறகு மெதுவாக விஷயம் வெளிவந்தது. தரகன் கேட்ட தொகை 1,30,000 ரூபாய். தாயாரின் நகைகளை அடகு வைத்து 50,000 கொடுத்தாகிவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபின் வருகைச் சீட்டை வேலைச் சீட்டாக மாற்றிக் கொடுப்பார்கள் என்பது தரகனின் வாக்கு. அந்த வாக்கும் வாய்வாக்குத்தான், எழுத்தில் ஒன்றுமில்லை. குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் சென்னையில் இருக்கிறாரே, அவருடைய ஆபீசுக்குப் போனதுண்டா என்று கேட்டோம். அப்படியொரு ஆபீஸ் இருப்பதை அன்றுதான் கேள்விப்படுவதாகச் சொன்னான்.

இந்த வாலிபனை மூடன் என்று எண்ணிவிடலாகாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை தவறினால் தாலூகாக் கச்சேரி வரையில் போய் வாதாடக்கூடியவன். ஆனால் அவன் நுழைய விரும்பிய வீட்டுக்கு எத்தனை வாயில்கள் உண்டு என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு வாயில்கள்

அந்நிய நாட்டில் வாழ்ந்து வேலை செய்ய விரும்பும் வாலிபன் இரண்டு வாயில்களைக் கடக்கவேண்டும். ஒன்று தன் நாட்டைவிட்டுப் புறப்படும் வாயில். மற்றொன்று அந்நிய நாட்டில் புகும் வாயில். புகும் வாயிலின் திறவுகோல் அந்த நாட்டாரிடம் இருக்கிறது. எத்தனை பேரை, எந்தத் தொழிலுக்கு, எத்தனை காலத்துக்கு விடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். அதில் நமக்குக் கேட்கும் உரிமை உண்டேயன்றி விதிக்கும் அதிகாரம் இல்லை. புறப்படும் வாயிலின் விஷயம் வேறு. அது நம்முடைய சட்டம், நம்முடைய சட்டசபையார் இயற்றியது, நம்மால் திருத்தக்கூடியது.

அச்சட்டம் 1983-ஆம் வருஷத்திய குடிபெயர்வுச் சட்டம். அதன்படி பத்தாவது வகுப்பில் தேறாதவர் பெரும்பாலோருடைய பாஸ்போர்ட்டில், குடிபெயர்வதற்கு அனுமதி பெறவேண்டியவர் என்ற குறிப்பு இருக்கும். இவர்கள் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 தேசங்களுக்கு வேலைக்குச் செல்லவேண்டுமானால் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியைப் பெற்றாகவேண்டும். சிங்கப்பூர் அந்தப் பதினெட்டில் சேர்ந்ததன்று.

அனுமதி பெறும் வழி கடினமானதன்று. அந்நிய நாட்டு எஜமானர் மத்திய சர்க்காரின் இ-மைக்ரேட் என்னும் கம்ப்யூட்டர் பதிவேட்டில் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். ஆள் சேர்க்கும் ஏஜெண்டு சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்றவராயிருக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் சம்பளமும், வேலை நேரமும், இருப்பிடமும், திரும்பிவரும் செலவு யாரைச் சேர்ந்தது என்பதும் கண்டிருக்க வேண்டும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸில் சேரவேண்டும். 2017-ல் திருத்தப்பட்டபடி அதன் கட்டணம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர அங்கவீனமோ நேரிட்டால் கிடைக்கும் தொகை பத்து லட்சம். லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அதே 2017-ல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். புஷ்கரணிப் படியில் கண்ட வாலிபனிடம் கேட்கப்பட்டதோ அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல்!

பழைய சீட்டுகளின் கதை

அனுமதி என்ற வார்த்தையைக் கேட்டவுடன் நம்மவர்களுக்கு ஓர் அருவருப்புத் தோன்றுவது இயல்பே. ஏனெனில் இந்த நாட்டில் கடல் கடந்த ஏழைகளின் சரித்திரம் சீட்டுகளின் சரித்திரமாகவே இருந்தது.

1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலில் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுவே தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல். 1903 முதல் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் சென்றன. இவ்வாறு சென்றவர்களில் தென்னாற்காடு ஜில்லாவார் கணிசமானவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம் ஆகிய எல்லாம் அதில் உண்டு. புறப்படுமுன் அதிகாரி ஒருவர், மனமொப்பிப் போகிறாயா என்று கேட்கவேண்டும் என்பது விதி. கேட்டார்கள், ஆம் என்று பதில் வந்தது, எழுதிக்கொண்டார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் இன்னதென்பதை அறியாமலே ஆயிரக்கணக்கானோர் கைநாட்டு வைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி என்ற பெயர் அப்போதும் இருந்தது. எனினும் அந்தச் சீட்டு தோட்டத் துரைக்கு ஆள் வந்து சேர்ந்ததற்கு ரசீதாக உபயோகப்பட்டதேயன்றி, ஆளுக்கு அரணாக உபயோகப்படவில்லை.

பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியின் கதையை நேயர்கள் அறிவார்கள். எஜமானனால் அடிபட்டுப் பற்கள் உடைந்து வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையிலேந்தி, வக்கீல் காந்தியின் முன் வந்து நின்றவர் அவர். எஜமானனை விட்டு நீங்கினாலே குற்றவாளியாக்கும் சட்டம் அங்கே அமலில் இருந்தது. ஆகவே ஒப்பந்தத்தை வேறொரு எஜமானனுக்கு மாற்றிக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு பரிகாரம் இல்லை. காந்தியடிகள் அதைத்தான் செய்துகொடுத்தார். வேலையைவிட்டு நீங்கும் சுதந்திரம் இல்லாத வேலை எத்தகையது என்பதைத் தென்னாப்பிரிக்கத் தமிழரின் இரத்தம் அன்றே உலகுக்குச் சொல்லிற்று.

தேசம் முழுவதும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1917-ல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிறகு வந்த 1922-ஆம் வருஷத்துச் சட்டம், தொழிற்பயிற்சியில்லாத கூலிகள் சட்டசபைகளின் சம்மதம் பெற்று அறிவிக்கப்பட்ட நாடுகளுக்கு மாத்திரமே போகலாம் என்று விதித்தது. மலேயாவிலும் இலங்கையிலும் இந்திய சர்க்காரின் ஏஜெண்டு நியமிக்கப்பட்டார். ரப்பர் விலை வீழ்ந்து மலேயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டபோது, 1938 ஜூன் மாதத்தில், பிறர் செலவில் கூலிகளை அங்கே அனுப்புவதே தடுக்கப்பட்டது. அடுத்த வருஷம் இலங்கைக்கும் தடை வந்தது. அடிமை நாட்களிலும்கூட, பொதுஜன அபிப்பிராயம் வலுத்த இடத்தில் அனுமதியை ஏழையின் பக்கம் திருப்ப முடிந்தது என்பதற்கு இவை அத்தாட்சி.

உரிமையா, யாசகமா?

சுதந்திரம் வந்தபின்பும் நெடுங்காலம் பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கும் பிரசாதமாகவே இருந்தது. கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் பிடுங்குவதற்கும் தனிச் சட்டம் இல்லை. 1967 ஏப்ரல் மாதத்தில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் இந்த நிலைமையை மாற்றினார்கள். அந்நிய நாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-வது விதி காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது என்றும், சட்டத்தின் மூலமாகவன்றி அதைத் தடுக்கலாகாது என்றும் பிரதம நீதிபதி சுப்பராவும் வேறு இரு நீதிபதிகளும் தீர்ப்பளித்தனர். இரு நீதிபதிகள் மாறுபட்டனர். அந்த ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிலைபெற்றது நம் வாலிபரின் உரிமை. அதே வருஷத்தில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தைப் பிரயோகிக்கும் முறையும் நியாயமாயிருக்க வேண்டுமென்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில் கோர்ட்டார் மேலும் ஒரு படி சென்றனர்.

ஆனால் கூலி வேலைக்குச் செல்வோர் விஷயத்தில் 1922-ஆம் வருஷத்து அந்நியர் சட்டமே சுதந்திர இந்தியாவில் 36 வருஷம் உயிரோடிருந்து, 1983-ல்தான் ஒழிந்தது. வியாபாரிக்கும் பிரமுகருக்கும் கோர்ட்டுக் கதவைத் தட்டி உரிமையைப் பெற வழியிருந்தது. மண்வெட்டி பிடிப்பவனுக்கு அது எட்டவில்லை. இன்றும் சுதந்திரம் என்ற வார்த்தையின் பலன் எல்லாப் படிகளிலும் ஒரே காலத்தில் இறங்குவதில்லை என்பதை நம் தொண்டர்கள் மறத்தலாகாது.

பத்தாவது வகுப்பு என்னும் கோடு

பத்தாவது வகுப்பில் தேறியவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும், தேறாதவனுக்குத் தெரியாது. ஆகவே தேறாதவனை சர்க்கார் காக்கவேண்டும். சட்டத்தின் எண்ணம் இதுவே. எண்ணம் நல்லதுதான். ஆனால் அனுபவம் இந்தக் கோட்டை இரு பக்கத்திலும் அழித்துவிட்டது.

முதலில் தேறியவரைப் பார்ப்போம். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய வாலிபர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு, பர்மாவிலுள்ள மியாவாடி என்னுமிடத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். கம்ப்யூட்டர் மூலம் உலகத்தாரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் தொழிலை அவர்கள் கையைக்கொண்டே செய்வித்தார்கள். மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டாரும் இருந்தனர். இவர்கள் படித்தவர்கள், சட்டத்தின் கணக்கில் எவருடைய பாதுகாப்பும் வேண்டாதவர்கள். படிப்பு ஆசையை வளர்க்கிறது; மோசத்தைக் கண்டுபிடிக்கும் கண்ணைத் தானாகக் கொடுத்துவிடுவதில்லை.

இனித் தேறாதவரைப் பார்ப்போம். பாஸ்போர்ட்டில் குறிப்பு உள்ளவனுக்கு வேலைச் சீட்டின்மேல் அனுமதி வேண்டும். வருகைச் சீட்டின்மேல் செல்பவனுக்கு வேண்டியதில்லை. ஆகவே தரகன் அவனை வேடிக்கை பார்க்கச் செல்லும் கனவானாக மாற்றிவிடுகிறான். விமானம் ஏறிய நிமிஷம் முதல் அவனுடைய ஒப்பந்தத்தை அறிந்த அதிகாரி ஒருவரும் இல்லை. அவனுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. அவன் எங்கே வேலை செய்கிறான் என்பது நம் தூதராலயத்துக்குத் தெரியாது. அறுபது நாள் கழிந்ததும் அந்த நாட்டுச் சட்டப்படி அவன் குற்றவாளி. சம்பளம் கொடாத எஜமானன்மேல் புகார் செய்யப் போனால் முதலில் அகப்படுகிறவன் அவனே. காப்பதற்காகக் கட்டிய மதில், தாண்டிக் குதிப்பவனுக்குக் கால் முறியும் மதிலாயிற்று.

அனுமதியோடு சென்றவர்களுக்கு எல்லாம் சுகம் என்று நாம் சொல்லவில்லை. 2024 ஜூன் 12-ந் தேதி குவெய்த்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 45 இந்தியரின் சடலங்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கிற்று. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டார். அந்த எழுவரில் ஒருவர் நமது கடலூர் ஜில்லாவைச் சேர்ந்தவர். ஒப்பந்தக் காகிதத்தில் இருப்பிடம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதாது. அந்த இருப்பிடத்தில் எத்தனை பேர், தீப்பிடித்தால் ஓட வழி உண்டா என்பதைப் போய்ப் பார்க்கும் கண்ணும் வேண்டும். அனுமதி கொடுத்த சர்க்காரின் கடமை விமானம் ஏறுவதோடு முடிவதில்லை.

எஜமானனுடைய சம்மதச் சீட்டு இல்லாமல் வேலை மாறக்கூடாது என்ற விதியைக் கட்டார் தேசத்தார் 2020-ல்தான் நீக்கினார்கள். பாலசுந்தரத்தின் காலத்துக்கும் அதற்கும் இடையில் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் சென்றிருப்பதை யோசித்துப் பார்த்தால், இந்த முடிச்சு எத்தனை உறுதியானது என்பது விளங்கும்.

ஏழையைக் காப்பதென்ற பெயரால் அவன் நெற்றியில் முத்திரை குத்தும் ஆபத்தும் உண்டு. 2018 ஜனவரியில், அனுமதி பெறவேண்டியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற மேலுறை போடப்போவதாக மத்திய சர்க்கார் அறிவித்தார்கள். படித்தவனுக்கு நீலம், படியாதவனுக்கு ஆரஞ்சு என்ற வர்ணாசிரமத்தை நாடு பொறுக்கவில்லை. கண்டனங்கள் கிளம்பின. அம்மாத இறுதிக்குள்ளாகவே அந்த யோசனை வாபஸ் வாங்கப்பட்டது. பொதுஜன அபிப்பிராயத்தின் வலிமைக்கு இதுவும் ஓர் உதாரணம்.

மற்றவருக்குத் திறந்த கதவுகள்

இதற்கிடையில் பட்டம் பெற்ற வாலிபருக்கென்று சில நாடுகள் புதிய கதவுகளைத் திறந்திருக்கின்றன. 2023-ல் பிரிட்டிஷ் சர்க்கார் 18 முதல் 30 வயது வரையிலுள்ள இந்தியப் பட்டதாரிகளில் வருஷத்துக்கு 3,000 பேர் வரை அங்கே இரண்டு வருஷம் வாழ்ந்து வேலை செய்ய இடம் ஒதுக்கினார்கள். கையில் 2,530 பவுன் இருப்பாகக் காட்டவேண்டும் என்பதும், பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்பதும் நிபந்தனை. 2024-ல் ஆஸ்திரேலியரும் அதே வயதினரில் வருஷத்துக்கு ஆயிரம் பேரைக் குலுக்கலில் எடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். 2021-ல் ஜப்பானோடு செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, தொழிற் பரீட்சையிலும் ஜப்பானிய பாஷைப் பரீட்சையிலும் தேறுகிறவர்கள் குறிப்பிட்ட தொழில்களில் அங்கே வேலை பெறலாம்.

இவற்றில் குலுக்கலைவிட ஜப்பானிய வழியே நமக்கு உகந்தது என்பது நமது அபிப்பிராயம். குலுக்கல் அதிர்ஷ்டத்தைச் சோதிக்கிறது. மற்றது கைத்திறமையைச் சோதிக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சுமார் இருபது கிலோமீட்டரிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழிலையே போதிக்கும் சர்க்கார் தொழிற்கல்லூரியும் இருக்கின்றன. அரபு நாட்டில் ராஸ் அல் கைமா என்ற இடத்தில் 1989-ல் தொடங்கிய பீங்கான் ஓட்டு ஆலை இன்று உலகப் பிரசித்தமானது. சூளையின் சூடறிந்தவனும், களிமண்ணின் குணமறிந்தவனும் அப்படிப்பட்ட ஆலையின் வாயிலில் கூலியாக நிற்கவேண்டியதில்லை. தொழில் தெரிந்தவனாகப் பேரம் பேசி நிற்கலாம். தொழிற்பயிற்சியும், போகும் நாட்டின் பாஷையில் நூறு வார்த்தைகளும் கையில் இருந்தால் தரகனின் பிடி பாதி தளர்ந்துவிடும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். இளைஞரெல்லாம் அக்கரைக்குப் போய்விட்டால் இந்நாட்டின் வயலையும் சூளையையும் பார்ப்பவர் யார் என்று தேசாபிமானிகள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை, போகிறவனைத் தடுப்பதன்று. இங்கே மானமாக வாழும் கூலி கிடைக்கச் செய்வதே விடை. அதைச் செய்யும் வரையில், போகாதே என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு ஏகாதசி மகிமை சொல்வதை ஒக்கும்.

செய்ய வேண்டியவை

1983-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் செய்ய 2019-லும், 2021-லும், 2025-லும் மசோதா நகல்கள் பொதுஜனங்களின் பார்வைக்கு வெளியிடப்பட்டன. எந்தச் சட்டம் வந்தாலும் அதன் யோக்கியதையைச் சோதிக்க நாம் ஓர் உரைகல் சொல்லுவோம். ஸ்ரீமுஷ்ணத்து வாலிபன் தன் தாலூகாவை விட்டு நகராமலே, ஒரு காசும் கொடுப்பதற்கு முன்பே, தன் காகிதம் மெய்யா பொய்யா என்பதைத் தெரிந்துகொள்ள அச்சட்டம் வழி செய்கிறதா? செய்தால் நல்ல சட்டம். செய்யாவிட்டால் அது எத்தனை விதிகள் கொண்டதாயினும் தரகனுக்கே லாபம்.

முதலாவதாக, வேலை ஒப்பந்தம் தமிழில் இருக்கவேண்டும். வாசிக்கத் தெரியாத பாஷையில் போடும் கையெழுத்தை ஒப்பந்தம் என்று அழைப்பது நியாயத்துக்கு இழுக்கு. பணம் கைமாறுமுன் அதன் பிரதி தொழிலாளியின் வீட்டில் இருக்கவேண்டும்.

இரண்டாவதாக, பாதுகாப்பு அதிகாரி சென்னையில் இருப்பது போதாது. மாதத்தில் ஒரு நாளாவது விஷயம் தெரிந்த ஓர் உத்தியோகஸ்தர் தாலூகாக் கச்சேரியில் உட்கார்ந்து வருகிறவர்களின் காகிதங்களைப் பார்த்துச் சொல்லவேண்டும். லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதாவைக் கச்சேரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் சந்தை நுழைவாயிலிலும் ஒட்டவேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் 1978-ல் ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கார்ப்பொரேஷன் ஒன்று இருக்கிறது. தனித் தரகரை நாடாமல் நேரே சர்க்கார் ஸ்தாபனத்தின் மூலமாகவே அந்நிய நாட்டு வேலைக்குப் போகலாம் என்பது கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவதாக, கிராமத் தரகனைப் பிடிக்கவேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஆள் சேர்ப்பது 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அதற்கு விதிக்கப்பட்ட தண்டனை இரண்டு வருஷம் வரையில் சிறையும், 2,000 ரூபாய் வரையில் அபராதமும். ஒரே வாலிபனிடம் 1,30,000 வாங்குகிறவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதம் ஒரு வேளைக் காப்பிச் செலவுபோல! 1983-ல் அந்தத் தொகைக்கு ஒரு மதிப்பிருந்தது. இன்று அது பரிகாசம்.

நான்காவது காரியத்துக்கு சர்க்காரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஊர்தோறும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைக்கவேண்டும். யார் போகிறார், எந்தக் கம்பெனிக்கு, எந்த ஏஜெண்டு மூலம், பாஸ்போர்ட் நம்பர் என்ன, அங்கே யாருக்குத் தகவல் கொடுப்பது என்ற விவரங்களை அதில் எழுதி வைத்தால், ஆபத்து வந்தபோது தாய் தெருத்தெருவாக அலையவேண்டிய நிலை நேராது. பாஸ்போர்ட்டிலும் வேலைச் சீட்டிலும் ஒவ்வொரு பிரதி வீட்டுப் பெட்டியில் இருக்கவேண்டும். தேர்தல் காலத்தில் வீடு வீடாகப் போய் வோட்டர் ஜாபிதாவைச் சரிபார்க்கும் நம் தொண்டர்களுக்கு இது அரை நாள் வேலை. கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட இது சிறிய காரியந்தான். ஆனால் ஓர் உயிரைக் காக்கக்கூடிய காரியம்.

புஷ்கரணிப் படியில் கண்ட வாலிபனைப்பற்றி நேயர்கள் அறிய விரும்பலாம். அவன் கொடுத்த ஐம்பதினாயிரம் இன்னும் திரும்பவில்லை. திரும்பும் என்ற நம்பிக்கையும் குறைவு. பாக்கி எண்பதினாயிரத்தைக் கொடாமல் நின்றுவிட்டான். இப்போது தனித் தேர்வராகப் பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்டியிருப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறான். பத்தாவது தேறிவிட்டால் எந்த ஆபீசரின் அனுமதியும் வேண்டியதில்லை அல்லவா, ஐயா, என்று அதில் கேட்டிருக்கிறான்.

அவனுக்கு நாம் எழுதிய பதிலையே இங்கும் எழுதி முடிக்கிறோம். தம்பி, பரீட்சையில் தேறு. அது உனக்கு நல்லது. ஆனால் அனுமதி வேண்டியதில்லை என்பதால் விசாரணையும் வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதே. ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்கு. ஏஜெண்டின் லைசென்ஸைப் பார். இன்ஷூரன்ஸில் சேர். புறப்படும் நாளையும், சேரும் இடத்தையும், திரும்பும் காலத்தையும் தாய்க்குச் சொல்லிவிட்டுப் போ. உங்கள் ஊர்ப் பெருமாள் கடலாடப் போகும்போதுகூட ஊருக்குத் தெரியாமல் போகிறதில்லை.